இடது காலுக்குப் போட்ட வெறும் பொடி

என் அக்காள் கணவரின் இடது காலை அழுகவிட்டவன் நான். மருந்து என் கையில் இருந்தது. போடவில்லை.

மறதியால் அல்ல. அவசரத்தாலும் அல்ல. தெரிந்தே செய்தேன்... வலது காலுக்கு மருந்தைப் போட்டேன். இடது காலுக்கு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் ஒரு வெறும் பொடியைப் போட்டேன். எதற்காக? இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக!

நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளியுங்கள். ஆனால் இதைவிடக் கேவலமான ஒன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் பிறகு வாய் வராது. அந்த இடது கால் சிவந்து வீங்கிச் சீழ் கட்டியதைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல. மகிழ்ச்சி! என் வாழ்நாளிலேயே பெரிய மகிழ்ச்சி!

எப்படி ஒருவனுக்கு அப்படி வரும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் பாறசாலைக்கும் நெய்யாற்றுக்கும் நடுவில் இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயர் சாமுவேல். வீட்டிலும் ஊரிலும் சாமு. கலியாணம் ஆகவில்லை. அக்காள் எஸ்தர் வீட்டில் சாப்பாடு, பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் வாசம். அந்த ஆய்வுக்கூடம் என்பது ஓடு வேய்ந்த ஒரு நீண்ட அறை, இரண்டு மேசை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், சில அமிலப் புட்டிகள். எனக்கு அதுவே சொர்க்கம்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு பழைய புத்தகத்தில் ஒரே ஒரு வரி வாசித்திருந்தேன். இறால் ஓட்டைக் கடுமையான காரத்தில் வேகவைத்தால் அதன் குணம் மாறிவிடும் என்று. அவ்வளவுதான். அந்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை!

மரச்சீனி என்கிற மரவள்ளி மாவு, பருத்திப் பஞ்சு, இறால் ஓடு... இந்த மூன்றும் நெருங்கிய சொந்தக்காரர்கள் என்றால் நம்புவீர்களா? மூன்றுமே சர்க்கரைக் கண்ணிகளைக் கோத்த நீளமான சங்கிலிகள். கூட்டுச் சர்க்கரை என்று சொல்வோம். ஆனால் இறாலின் சங்கிலியில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நைட்ரஜன் இருக்கிறது, தலையில் ஒரு மூடியோடு. மூடி இருக்கும்வரை அது ஒன்றுக்கும் உதவாது. கொதிக்கும் காரத்தில் போட்டால் மூடி கழன்றுவிடும்! பிறகு ஒரு துளி புளிப்புப் பட்டால் போதும், அது கிருமியின் மேல்தோலைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், கிழித்துவிடும். இதில் பாதி அன்று என் ஊகம். மீதியைப் பிற்பாடு உலகத்தில் பலர் நிரூபித்தார்கள்.

பாருங்கள், சொல்லும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. பாவத்தைச் சொல்ல வந்தவன் பாடம் நடத்துகிறேன்!

ஓட்டுக்குப் பஞ்சமில்லை. பூவாரிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் ஒரு பெண்மணி பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போவாள். உரித்த ஓடு மட்டும் வேண்டும் என்று நான் கேட்ட நாளில் அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சு வேண்டா, தோடு மதியோ சாரே?" என்றாள், இறால் வேண்டாமா, ஓடு மட்டும் போதுமா என்று. பிறகு என் அக்காளைத் தேடிப் போய், உன் தம்பிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டு வந்தாளாம்.

ஓட்டைக் காயவைத்து இடித்தேன். அமிலத்தில் போட்டதும் சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு வெளியேறியது. பிறகு காஸ்டிக் சோடாவில் வேகவைத்தேன். நாற்றம் என்றால் நாற்றம், ஊரே மூக்கைப் பிடித்தது! ஸ்டவ்வை அணைக்காமல், மறுபடி மறுபடி சோடாவை மாற்றி மாற்றி... கடைசியில் கிடைத்த வெள்ளைத் தூளைக் கழுவி, புளித்த கள்ளுக் காடியில் போட்டுக் கலக்கினேன்.

கரைந்தது!

மூடி கழலாத ஓட்டுத்தூள் எந்தக் காடியிலும் கரையாது. மணல் மாதிரி அடியில் கிடக்கும். இதுவோ கஞ்சித் தண்ணீர் மாதிரிக் குழைந்து வந்தது. நான் அந்தக் கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் நடனமாடினேன். சத்தியமாக ஆடினேன்! அதை உலர்த்தி, பொடித்து, ஒரு ஜாடியில் நிரப்பினேன்.

அப்புறம் அக்காள் வீட்டிலிருந்து ஆட்டெலும்புச் சாற்றை இரண்டு குவளையில் எடுத்துவந்து, ஒன்றில் புதுப் பொடியையும் மற்றதில் சாதாரண ஓட்டுத்தூளையும் போட்டு மூடாமல் வைத்தேன். சாதாரணத் தூள் போட்டது கலங்கி நாறியது. என் பொடி போட்டது தெளிவாகவே நின்றது. "சூப்பக் குடிக்காம நாறவச்சுப் பாக்க ஒருத்தன் ஒனக்குத்தான் தம்பியா வாய்ச்சிருக்கான்" என்று அத்தான் அக்காளைக் கேலி செய்தார்.

பொன்னையன் அத்தான். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் லாரி ஓட்டுநர். மரச்சீனிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கும் தெற்கே மார்த்தாண்டத்துக்கும் போவார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ஊரில் கலியாணமா, சாவா, சபையின் அறுப்புப் பண்டிகையா, லாரியோடு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த எங்கள் பகுதி தமிழகத்தோடு சேர வேண்டும் என்று எல்லைப் போராட்டம் தொடங்கியபோது கூட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதும் அந்த லாரிதான்.

நான்? சம்பளம் போய்விடும் என்று பயந்தவன். கோஷம் போட்டதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டுதான். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பள்ளிக்கூடப் பதிவேட்டில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தைக் காலவரையின்றி மூடிவிட்டார்கள். எனக்கோ கொண்டாட்டம், நாள் முழுக்க ஆய்வுக்கூடம்! ஒரு பிற்பகலில் பின்கதவைத் தட்டினார்கள். திறந்தால், இரண்டு பேர் தோளில் அத்தானைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். சந்தையில் கூட்டம் கலையும் நேரத்தில் போலீஸ் தடியடி. பெண்களை லாரியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கணைக்காலிலேயே மாறி மாறி அடித்திருக்கிறார்கள். இரண்டு காலிலும் தோல் பிளந்து, சகதியும் ரத்தமுமாக இருந்தது.

"சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போயிராத மக்கா," என்றார். "அடிபட்டவன் வருவான்னு வாசல்லயே நிக்கானுவ. லைசென்ஸும் போவும், ஆளும் உள்ள போவும்."

பெஞ்சில் படுக்கவைத்தேன். அவரே சொன்னார்: "ஒனக்க கையில மருந்து உண்டுல்லா? அதப் போடு. எனக்கு அது போதும்."

இந்த வார்த்தையை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் ஒருநாளும் மறந்ததில்லை.

வெந்நீரால் கழுவினேன். கழுவக் கழுவ, இரண்டு காயங்களும் தெளிவாகத் தெரிந்தன. வலது சற்று ஆழம். மற்றபடி ஒரே மாதிரி... ஒரே இடம், ஒரே தடி, ஒரே சகதி, ஒரே உடம்பு, ஒரே ரத்தம்!

எந்த ஆய்வுக்கூடத்தில் இப்படி அமையும்? எந்த விஞ்ஞானிக்கு இப்படி வீட்டு வாசலில் வந்து இறங்கும்?

வகுப்பில் நான் ஓயாமல் சொல்லும் ஒரு பாடம் உண்டு. ஒரு சோதனைக் குழாயில் மருந்தை ஊற்றினால், பக்கத்தில் மருந்து ஊற்றாத குழாய் ஒன்று இருக்க வேண்டும். பிளாங்க் என்போம். அது இல்லாமல் எவனாவது முடிவு எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுவேன். ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி அது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. அன்று என் கை தானாகவே ஜாடியை எடுத்தது. தானாகவே பக்கத்தில் இருந்த காரம் படாத வெறும் ஓட்டுத்தூளையும் எடுத்தது...

இல்லை. 'தானாகவே' என்று எழுதுவது பொய். நான் யோசித்தேன். வலது ஆழமான காயம், அதற்கு மருந்து தேவை. இடது லேசானது, ஒன்றும் போடாவிட்டாலும் ஆறிவிடும். ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடி, நானே நீதிபதியாக விடுதலையும் கொடுத்துக்கொண்டேன்!

வலதுக்கு மருந்து. இடதுக்கு வெறும் பொடி. வெள்ளைத் துணியால் இரண்டையும் கட்டினேன்.

அக்காள் கஞ்சித் தூக்கோடு ஓடிவந்தாள். அழுது முடித்தபின் கேட்டாள்: "எலே சாமு, ரெண்டு காலுக்கும் நல்லாப் போட்டியா?"

"ரெண்டு காலுக்கும் பொடி போட்டிருக்கேன் அக்கா," என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கவனித்தீர்களா? வேதியியல்காரன் அல்லவா, அளந்துதான் பேசினேன்.

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்வேன்! ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் பெஞ்சைப் போட்டு அத்தானைப் படுக்கவைத்திருந்தோம். தினமும் விடிந்ததும் கட்டு அவிழ்க்கப் போகும்போது பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவன் மாதிரி எனக்குக் கால் தரையில் பாவாது. வலது காயத்தின் விளிம்பு காய்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வந்துகொண்டிருந்தது. நாற்றமே இல்லை! இடது சிவந்தது. சூடேறியது. வீங்கியது. பிறகு ஓரத்தில் மஞ்சள் கட்டியது.

மஞ்சளைப் பார்த்ததும்... வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது! மருந்து வேலை செய்கிறது! குவளையில் மட்டும் அல்ல, மனித உடம்பில்! இடது கெடாமல் இருந்திருந்தால் வலது தானாக ஆறியதா, என் மருந்தால் ஆறியதா என்று யாருக்குத் தெரியும்? இடது கெட்டதால்தானே வலது ஆறியதற்கு அர்த்தம்! அப்படித்தான் ஓடியது என் புத்தி. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

அடக்கியது போதவில்லை. அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்க முகம் தெளிஞ்சிருக்குறதப் பாத்தாலே தெரியுது," என்றார். "நல்லா ஆறுதாக்கும். நான்தான் சும்மா பயந்தேன்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஜாடியை எடுத்து இடது காலில் கொட்டியிருக்கலாம். இடையில் மாற்றினால் சோதனை கெட்டுவிடும் என்று நினைத்தேன். அத்தானின் கால் கெட்டுக்கொண்டிருந்தது. நான் சோதனை கெட்டுவிடுமே என்று கவலைப்பட்டேன்!

காய்ச்சல் வந்தது. இடது கால் கடுகடுக்கிறது என்று முனகினார். "இன்னும் ஒரு நாள் பொறுங்க அத்தான்," என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அவர் பொறுத்தார். வலி தாங்காமல் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னேன் என்பதற்காகப் பொறுத்தார்.

முடிவில் அக்காள்தான் நான் இல்லாத நேரம் பார்த்துக் கட்டைப் பிரித்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவள் வாசலில் நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"கால் கறுத்துப்போச்சு சாமு," என்றாள். சத்தம் போடவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். போலீஸ் பிடிச்சா பிடிக்கட்டும்."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. வந்து என்ன? அத்தானின் சிநேகிதர்கள் அவருடைய லாரியிலேயே அவரைப் படுக்கவைத்து, மேலே வைக்கோலைப் பரப்பி, சுற்றிலும் கிழங்கு மூட்டையை அடுக்கி, தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டர் யார், என்ன, எப்படி அடிபட்டது என்று ஒன்றும் கேட்கவில்லை. காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார். "கொஞ்சம் முந்தியே வந்திருக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

இடது கால்! லாரிக்காரனுக்கு இடது கால் என்றால் கிளட்ச் மிதிக்கிற கால். அதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

இனி எழுதப்போவது எனக்கே நம்ப முடியாத இடம். அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்த வலது கால்... அவ்வளவு ஆழமான காயம் எப்படி இப்படிச் சுத்தமாக ஆறுகிறது? என்ன போட்டீர்கள்?"

நான் சொன்னேன். முதலில் தயங்கித் தயங்கி... பிறகு வேகமாக... பிறகு கையில் அகப்பட்ட தாளில் சங்கிலியை வரைந்து, கண்ணியைக் காட்டி, மூடியைக் காட்டி... எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது! டாக்டரும் உற்சாகமாகிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. நானோ இந்தப் பக்கம் நின்று இறால் ஓட்டின் மகிமையைப் பேசிக்கொண்டிருக்கிறேன்!

"இடது காலுக்கும் இதையேதான் போட்டீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அது... காயம் வேறு மாதிரி, டாக்டர்," என்றேன்.

அவர் நம்பினார். சென்னையில் தனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியரிடம் என்னைப் பற்றிச் சொன்னார். அப்படித்தான் நான் ஆராய்ச்சிக்குப் போனேன். அப்படித்தான் பட்டம் வாங்கினேன். அப்படித்தான் என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டது.

அத்தானுக்கு லாரி போயிற்று. எல்லையும் கடைசியில் பிரிக்கப்பட்டது. கோடு எங்கள் ஊருக்குத் தெற்கே விழுந்தது. எந்தத் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று அடிவாங்கினாரோ அது அவருக்கு அடுத்த மாநிலமாகவே நின்றது. பாறசாலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்தார். சோடா, பீடி, ரசகதலி வாழைக்குலை. கடைக்கு வருகிறவர்களிடம் வேட்டியைத் தூக்கி வலது காலைக் காட்டுவார்.

"இது எனக்க மச்சினனுக்க மருந்தாக்கும். மெட்ராஸ்ல பெரிய விஞ்ஞானி. இந்தாப் பாரும், தழும்புகூடக் காணாது. மத்த காலுக்கும் அவன் படாத பாடு பட்டான். அது நமக்கு விதிச்சில்ல."

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இதைக் கேட்பேன். பக்கத்தில் நின்று சோடா குடித்துக்கொண்டே கேட்பேன்.

நான் சென்னையில் அந்தச் சங்கிலியை விடவில்லை. கண்ணியில் அயோடினைக் கோத்தேன், செம்பைக் கோத்தேன். பிறகு அதைவிடப் பெரிய ஆசை வந்தது. கிருமியின் தோலைத் தேடிப் போய் ஒட்டுகிற இந்தப் பொருள், புற்றுநோய் உயிரணுவின் தோலையும் தேடிப் போகுமா? போனது! சங்கிலியின் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்பினோம். கண்ணாடித் தட்டில் இருந்த புற்று உயிரணுக்கள் சுருங்கிச் சாவதை நுண்ணோக்கியில் பார்த்த அன்று, நானும் என் மாணவர்களும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கத்தினோம்.

மேடைகளில் பேசக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பேச்சையும் ஒரே மாதிரிதான் தொடங்குவேன்: ஒரு எல்லைக் கிராமம், ஒரு லாரி ஓட்டுநர், அவருடைய வலது கால். கைதட்டுவார்கள். ஒருமுறை பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் பிளாங்க் ஏதாவது இருந்ததா? இல்லாவிட்டால் காயம் தானாக ஆறியிருக்கலாமே?" என்று கேட்டாள்.

என்ன நல்ல கேள்வி! என் மாணவியாக இருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன்.

"இல்லை அம்மா," என்றேன். "பிளாங்க் இல்லை. வெறும் கண்பார்வைதான்."

அரங்கில் சிரித்தார்கள், அந்தக் காலத்து எளிமையை மெச்சினார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

பிறகு அத்தானுக்குத் தொண்டையில் புற்று வந்தது. பீடி. திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது பாதி உடம்பாக இருந்தார். குரல் கம்மிப்போயிருந்தது. அக்காள் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள்.

"ஒனக்க புது மருந்து இதுக்குத்தானே மக்கா?" என்றார். "எனக்குப் போடேன்."

"அது இன்னும் மனுஷனுக்குப் போடற நிலைக்கு வரல அத்தான். எலிக்குத்தான் போட்டுப் பாத்திருக்கோம்."

"அன்னிக்கு மட்டும் மனுஷனுக்குப் போட்டுப் பாத்திருந்தியா? நான் இருக்கேன்லா. போட்டுப் பாரு. எனக்கு ஒனக்க மேல நம்பிக்கை உண்டு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும்... வெறும் பொடி, பிளாங்க், மஞ்சளைக் கண்டு துள்ளிய மனசு, இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்றது, எல்லாவற்றையும்!

அவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"மருந்து ரெண்டு காலுக்கும் காணாதாக்கும்?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிறார் என்று புரிந்தது. ஆமாம், போதவில்லை என்று சொன்னால் போதும்...

"இருந்தது அத்தான்," என்றேன். "ஜாடி நிறைய இருந்தது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். படிக்கட்டில் அக்காளின் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எஸ்தருக்கு இது தெரியண்டாம்."

அக்காள் வந்தாள். வெந்நீரை ஆற்றிக் கொடுத்தாள். என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். "சாமுவுக்க மருந்து எலிக்கு நல்லாக் கேக்குதாம்," என்றார் அத்தான்.

நான் சென்னைக்குத் திரும்பவில்லை. ஊரிலேயே தங்கித் தினமும் போனேன். ஒருநாள் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்தவர் அத்தானின் காலைப் பற்றி விசாரித்தார். அத்தான் போர்வையை விலக்கி வலது காலைக் காட்டினார். அதே கதை! அதே வார்த்தைகள்! மெட்ராஸ், விஞ்ஞானி, காணாத தழும்பு... மத்த காலுக்கும் அவன் படாத பாடு பட்டான்... அக்காள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் பேசி முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

அக்காளுக்காகச் சொன்னாரா? என்னை அடிப்பதற்காகச் சொன்னாரா? பழக்கத்தால் வாயில் வந்துவிட்டதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. இன்றைக்கும் எங்காவது இந்தச் சங்கிலியைப் பற்றிப் புதிதாக யாராவது கண்டுபிடித்தார்கள் என்று வாசித்தால் என் உடம்பு பரபரக்கிறது! நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன்! அந்த வலது காலில் இளஞ்சிவப்புச் சதை வந்த அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வருகிறது, நெஞ்சு குதிக்கிறது... குதித்தபிறகுதான் இடது கால் வருகிறது. வரிசை மாறவே இல்லை. இத்தனை வயதாகியும் முதலில் வருவது சந்தோஷம்தான். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

கடைசியாக அவரைத் தனியே பார்த்தது ஒரு முற்பகல். அக்காள் சபைக்குப் போயிருந்தாள். பேசுவதற்கே அவருக்குக் கஷ்டமாக இருந்த நேரம். அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. குனிந்து, அவர் காதருகில் கேட்டேன்.

"அத்தான், என்னை மன்னிச்சீங்களா?"

அவர் என் கையைப் பிடித்தார். பிடித்தது அன்பாலா, எழுந்து உட்கார ஊன்றிக்கொள்வதற்கா... சாய்ந்து உட்கார்ந்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் ஒனக்குத் தெரிஞ்சாகணும், இல்லியா மக்கா? இது மட்டும் தெரியாம இரி."

பிறகு கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பேச முடியாமல் போயிற்றா, பேச விரும்பவில்லையா என்று டாக்டரிடம் கேட்கப் போனேன். வராந்தா வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அவரும் போய்விட்டார், அக்காளும் போய்விட்டாள். அக்காள் கடைசிவரை, மருந்து போட்ட என் கைகளுக்காக ஜெபம் பண்ணினாள். நான் தெரியாமல் இருக்கிறேன்.